வராத ஐந்தாவது ரீல்

ஜனவரியில் ஹில்குயின் டாக்கீஸுக்கு
ஆட்கள் வருவதில்லை,
போர்வைகள் வருகின்றன.
இரண்டு பச்சை, ஒரு ராணுவச் சாம்பல்,
ஆஸ்பத்திரி முத்திரை குத்திய சிவப்பு ஒன்று.
அதற்குள் எஸ்தர் கமலம் இருப்பது
இருமலை வைத்துத்தான் தெரியும்.

சனிக்கிழமை ஏழரைக்குப் பழைய படம்.
பத்துப் பேருக்குக் குறைந்தால் ஓட்டமாட்டேன்
என்பான் சில்வெஸ்டர்.
ஒன்பது பேர் வந்திருந்தால்
தன்னையும் சேர்த்து எண்ணிக்கொள்வான்.

எட்டாவது வரிசை ஓரம் என் இடம்.
ஸ்பிரிங் போன நாற்காலி.
எங்கே குத்தும் என்று முதுகுக்குத் தெரியும்.
ஒரு மணிக்கு நான் கேத்தியில் நிற்க வேண்டும்,
கேரட் கழுவும் மெஷின் பக்கத்தில்,
மூட்டை எடை எழுத.
அதுவரைக்கும் இந்த இருட்டு
என் பெயரில் பட்டா.

விளக்கு அணைகிறது.
தலைக்கு மேலே ஒளி நீள்கிறது.
கோடையில் அதில் தூசி பறக்கும்,
இப்போது எங்கள் மூச்சு:
போர்வைக்கு ஒரு சின்ன மேகம்
எழுந்து, வெளிச்சத்தில் நனைந்து,
கதாநாயகியின் கன்னம் வரை போக ஆசைப்பட்டு
மூன்றாவது வரிசையிலேயே கலைகிறது.

திரையில் சித்திரை மாதம்.
அட்டைச் சுவர்தான், வரைந்த தென்னைதான்,
ஆனாலும் வெயில் அடிக்கிறது.
வில்லன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே
சதி செய்கிறான்.
அவள் ஓலை விசிறியால்
விசிறுகிறாள், விசிறுகிறாள்,
"போதும் தாயி, நிறுத்து, இங்க குளிருது!"
பெள்ளி கத்துகிறார்.
ஒன்பது போர்வைகளும் குலுங்குகின்றன.

ஒரு கடிதம் வருகிறது.
உறையைக் கிழிக்க அவள் விரல் வைக்கிறாள்.
அடுத்த நொடி
அவன் ஜெயிலில் இருக்கிறான், அவள் டாக்டராகிவிட்டாள்.

மேலே சின்ன ஜன்னலில் சில்வெஸ்டரின் தலை:
"அஞ்சாவது டப்பா கோயமுத்தூர்லயே நின்னுடுச்சு.
நடுவுல நடந்ததை
நீங்களே நெனச்சுக்குங்க."

நினைத்தோம்.
படம் விட்டதும் குஞ்ஞாப்பு கடையில்
கண்ணாடித் தம்ளரை இரு கையால் பொத்திக்கொண்டு
சண்டை போட்டோம்.
நிலத் தகராறு, அண்ணன்காரன் எழுதின கடிதம்,
வேறென்ன இருக்க முடியும் என்றார் பெள்ளி.
(அவருக்கே குன்னூர் கோர்ட்டில் ஒன்று நடக்கிறது.)
பேங்க் பையன் கையாடல் என்றான்.
செய்யாத குற்றத்தை அவன் ஏற்றுக்கொண்டான்
என்று நான் சொன்னது
யாருக்கும் பிடிக்கவில்லை.

எஸ்தர் கமலம் கடைசியில் சொன்னாள்:
"ஒரு குழந்தை இருந்திருக்கும். காய்ச்சல்.
அதான் அவ டாக்டருக்குப் படிச்சா."
டீயைப் பார்த்தே சொன்னாள்.
அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை.
பைக் சீட்டில் உப்பாய்ப் படிந்திருந்த உறைபனியை
முழங்கையால் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கேத்தியில் மெஷின் உருண்டது.
சேறு கழன்று, தண்ணீர் கழன்று,
குண்டு பல்பின் கீழே வந்து கொட்டின
கேரட், கேரட், கேரட்.
இரண்டரை மணி நேரக் கறுப்பு வெள்ளைக்குப் பிறகு
கண்ணில் பட்ட முதல் நிறம்.
மேட்டுப்பாளையம் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்,
நான் இன்னும் எடை எழுதாமல் நின்றிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை டப்பா வந்துவிட்டது.
டிக்கெட் இல்லாமல் அதை மட்டும் ஓட்டினான்.
பதினோரு நிமிஷம்:
ஒரு ஆடு காமெடியனின் வேட்டியை மேய்கிறது,
ஆற்றங்கரையில் ஒரு பாட்டு,
ஒரு தேர்.
கடிதத்தை யாரும் திறக்கவே இல்லை.

சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கொஞ்சம் சூடேறியது.
இனிமேல் படத்துக்கு ஒரு ரீலை
ஒளித்து வைக்கச் சொல்லி
சில்வெஸ்டர் பையில் பெள்ளி
பத்து ரூபாயைத் திணித்தார்.

எஸ்தர் கமலம் போர்வையை
மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள்,
வார்டில் மடிப்பது போல.
"அந்தப் புள்ள இதுல இல்லையே"
என்றாள்,
ஆறாவது டப்பாவில் தேடிப் பார்க்கலாம்
என்பவளைப் போல.